கோட்டைச் சுவர் மேல் ஒரு கிசுகிசு

ஒரு வேலை நாளில் அவர் சுமார் நாற்பது முறை சாவார். வாளால் பாதி, அம்பால் பாதி, எப்போதாவது தீ. கோட்டைச் சுவரிலிருந்து விழுந்து சாவதை மட்டும் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுவார். நிறைந்த வயிற்றோடு அவ்வளவு நீளமான ‘ஆ’ வராது என்பது இருபத்திரண்டு வருட அனுபவம்.

வெளிநாட்டுத் தொடர்களைத் தமிழில் பேசவைக்கும் ஒரு டப்பிங் ஸ்டூடியோவில் அவர் கூட்டக் குரல். நாயகனுக்கும் வில்லனுக்கும் தனித்தனி ஆள் உண்டு. அவர்களை விட்டால், திரையில் வாய் திறக்கிற அத்தனை பேருக்கும் இவரும் இவருடைய கூட்டாளிகள் மூன்று பேரும்தான். சந்தை இரைச்சல், ராஜசபை முணுமுணுப்பு, படை. குறிப்பாகப் படை. அதனால் ஸ்டூடியோவில் அவருக்குப் பெயரே படை.

“படை வந்தாச்சா?” என்று டப்பிங் டைரக்டர் மேடம் கேட்பார்.

“வந்தாச்சு மேடம். வெந்நீர் குடிச்சிட்டிருக்கு” என்று சவுண்ட் இன்ஜினியர் பதில் சொல்வார்.

நான்கு பேர் நாற்பதாயிரம் பேர் ஆவது எளிது. மைக்குக்கு எதிரே நின்று ஒரு முறை கத்த வேண்டும். பிறகு சுவரைப் பார்த்து, பிறகு உட்கார்ந்துகொண்டு, பிறகு தலையில் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு. வாளிதான் தலைக்கவசம். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மண் அதிரும். என்ன கத்துகிறார்கள் என்பது முக்கியமில்லை. யார் காதிலும் வார்த்தை விழாது. அதனால் அவரவர் மனதில் இருப்பதைக் கத்துவார்கள். மூன்றாம் சீசனில் ஒரு பேரரசு வீழ்கிற இடத்தில், காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால், “மோட்டார்காரன் இன்னைக்கும் வரல!” என்று ஒரு வீரன் முழங்குவது கேட்கும்.

தொடர் முடிந்ததும் ‘தமிழ்க் குரல்கள்’ என்று ஒரு பட்டியல் ஓடும். ஆறு பெயர்கள் வரும். ஏழாவது வரியில் ‘மற்றும் பலர்’ என்று வரும். அந்தப் பலர் இவர்தான். இருபத்திரண்டு வருடமாக அந்த வரி வரும்போது அவர் மனைவி டிவியைப் பார்த்து லேசாகத் தலையாட்டுவார், தெருவில் தெரிந்தவரைப் பார்த்தது போல.

மனைவி ஒரு நூலகத்தில் புத்தகம் திருப்பி வாங்கும் கவுண்டரில் இருப்பவர். வேலையிடத்தில் அவர் கிசுகிசுப்பவர்; வீட்டில் உரக்கப் பேசுவார். இவர் நேர்மாறு. தொண்டையைக் காப்பாற்ற வேண்டும் என்பதால் வீட்டில் வாயே திறக்க மாட்டார். தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டுவார், சம்மதமென்றால் ஒரு தட்டு, இல்லையென்றால் இரண்டு. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவர் மேல் இரக்கம். ‘வாயில்லாப் பூச்சி. அந்தம்மா ஆட்டி வைக்குது’ என்பது மாடிவாசிகளின் ஏகமனதான முடிவு.

வாயில்லாப் பூச்சிக்கு ஒரு வியாதி இருந்தது. யுத்தக் காட்சியில் நடப்பது நடக்கக்கூடியதா என்று தெரியாமல் அவரால் சாக முடியாது.

முதல் சீசனில் ஒரு வீரனுக்குத் தொண்டையில் அம்பு. மேடம் சைகை காட்டினார். இவர் கம்மென்று இருந்தார்.

“என்னாச்சு? ஏன் கத்தல?”

“தொண்டையில அம்பு மேடம். எதால கத்துவான்?”

அடுத்தது சிவப்புத் தாடி வைத்த ஒரு வீரன். ஒரே யுத்தத்தில் நான்காம் நிமிடத்தில் ஈட்டியில் செத்தான், பதினோராம் நிமிடத்தில் எழுந்து வந்து குதிரையடியில் செத்தான், கடைசியில் எதிரி அணியில் நின்றுகொண்டு செத்தான். “முதல் தடவை உயிரைக் கொடுத்துக் கத்தினேன் மேடம். ஏமாத்திட்டான்” என்றார் படை, கடன் வாங்கிய சொந்தக்காரனைப் பற்றிச் சொல்வது போல. பிறகு, மூன்று வாரம் பனியில் நடந்து வரும் நாற்பதாயிரம் பேரில் ஒருவர் கையிலும் ஒரு பாத்திரம் இல்லையே, என்ன தின்கிறார்கள்? தலைக்கவசம் போட்டவனெல்லாம் சாகிறான், போடாத நாயகனுக்குக் கீறல்கூட இல்லையே, அப்புறம் அதை எதற்குச் செய்கிறார்கள்? தளபதி குதிரை மேல் நின்று பேசுகிறார், பத்தாயிரம் பேர் ‘ஆமாம்’ என்கிறார்கள். பத்தாவது வரிசைக்கே கேட்காது. கடைசி வரிசை எதற்கு ஆமாம் சொல்கிறது?

“எல்லா மீட்டிங்கும் அப்படித்தாண்ணே” என்றார் இன்ஜினியர்.

மேடம் பொறுமைசாலிதான். ஆனால் ஒவ்வொரு பாகத்தையும் குறித்த மணிக்கு அனுப்பியாக வேண்டும். ஒருநாள் தலையில் கைவைத்துக்கொண்டார். “ஏங்க, வானத்துல ஒரு பல்லி பறந்துவந்து நெருப்பைத் துப்புது. அதுல உங்களுக்கு ஒரு சந்தேகமும் இல்லையா?”

“அது பல்லி மேடம். அதுக்கு வரலாம். மனுஷத் தொண்டை எப்படின்னு எனக்குத் தெரியும்ல?”

அன்றிலிருந்து ஒரு விதி: ஒரு பாகத்துக்கு ஒரு கேள்வி. அவர் அதை மதித்தார். மிச்சக் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். நோட்டு மூன்று ஆனது.

ஏழாவது சீசனின் கடைசிப் பாகம் வந்தபோதுதான், ஒரு வெள்ளிக்கிழமை, மேடம் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

“படை, உங்களுக்கு ஒரு வசனம் இருக்கு.”

“எத்தனை பேரோட?”

“தனியா. முகம் தெரியுது, உதடு தெரியுது. ‘இரண்டாம் காவலன்’. தனி வசனம்னா கம்பெனி பேர் போட்டே ஆகணும். பட்டியல்ல ஏழாவது பேர் உங்களுது.”

அவர் வாளியைக் கீழே வைத்தார். இருபத்திரண்டு வருடம் கழித்து, பலரிலிருந்து ஒருவர்.

“என்ன வசனம் மேடம்?”

“‘கதவைத் திறக்காதீங்க.’ அவ்வளவுதான். திங்கட்கிழமை காலையில பேசுறீங்க, சாயங்காலம் நாலு மணிக்கு ஃபைல் போயிடும். கேள்வி மட்டும் கேட்டுடாதீங்க.”

காட்சியைப் போட்டுக் காட்டினார்கள். ராஜாவின் கொடியைப் பிடித்துக்கொண்டு ஒரு படை கோட்டை வாசலுக்கு வருகிறது; அதன் தளபதி வெளியே நின்று ‘கதவைத் திற’ என்று கத்துகிறான். கீழே இருப்பவர்கள் நம்ம ஆட்கள் என்று கதவை இழுக்கத் தொடங்குகிறார்கள். சுவரின் உச்சியில் நிற்கும் இரண்டாம் காவலன் மட்டும் வருகிறவர்களின் காலணியைப் பார்த்துவிடுகிறான். எதிரிகள்! காமிரா அவன் முகத்துக்கு வருகிறது. கண்ணில் பயம். உதடு அசைகிறது. அவன் கிசுகிசுக்கிறான்: கதவைத் திறக்காதீங்க. பிறகு ஒன்பது விநாடி கீழேயிருந்து இருட்டுச் சுவர் தெரிகிறது; முரசு, புயல், பல்லியின் உறுமல். கீழே கதவை இழுத்தவர்கள் சட்டென்று நிறுத்துகிறார்கள்.

படை அங்கே கேள்வி எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து டம்ளரையும் தட்டவில்லை. மனைவிக்குப் புரிந்துவிட்டது.

“சொல்லுங்க. வாயைத் திறந்தே சொல்லுங்க.”

“ஏழு மாடி உயரம். மேல கிசுகிசுக்கிறான். கீழ கேட்குது.”

“சரி, அதுக்கென்ன? கதைதானே?”

“பக்கத்துல ஒரு ஆள் இல்ல. புயல் வேற. எப்படிக் கேட்கும்?”

“கத்திட வேண்டியதுதானே?”

“உதடு கிசுகிசுன்னு இருக்கு.”

மனைவி சற்று யோசித்தார். கணவரின் பெயர் டிவியில் வரப்போகிறது. அது அவருக்கும் சின்ன விஷயமில்லை. “பேசாம பேசிட்டு வந்துடுங்க” என்றார். சொன்னபோதே, அது முடியாத காரியம் என்று அவருக்குத் தெரியும். அதனால் அடுத்த வாக்கியத்தில் தானே சொன்னார்: “நம்ம கட்டடம் அஞ்சு மாடி. ஞாயித்துக்கிழமை பார்த்துடுவோமா, கேட்குதா இல்லையான்னு?”

ஞாயிறு காலை பத்து மணிக்குத் தண்ணீர் மோட்டார் ஓடும். புயலுக்கு அது போதும் என்று முடிவானது. படை மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரோரம் நின்றார். மனைவி கீழே வாசல் கேட்டுக்கு இருபது அடி தள்ளி, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றார். கேட்டால் கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர் காவலன் முகத்தை வரவழைத்துக்கொண்டு, கண்ணில் பயத்தோடு, கிசுகிசுத்தார்: “கதவைத் திறக்காதீங்க.”

மனைவி கையைத் தூக்கவில்லை. மறுபடி கிசுகிசுத்தார். ம்ஹூம். மூன்றாவது முறை இன்னும் கொஞ்சம் உயிரோடு.

ஐந்தாம் மாடிப் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார். வருடக்கணக்கில் வாயே திறக்காத மனிதர், மொட்டை மாடியில், முகம் வெளுத்து, கதவைத் திறக்காதீங்க என்கிறார். அந்த அக்கா கேள்வி கேட்கவில்லை. குனிந்து நான்காம் மாடிக்குச் சொன்னார். “சார், கதவைத் திறக்காதீங்களாம்!”

நான்காம் மாடியில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். காரணமில்லாமல் ஒரு தகவலை மேற்கொண்டு அனுப்புவது அவருக்கு வழக்கமில்லை. ஆகவே ஒன்றைச் சேர்த்தார். “கதவைத் திறக்காதீங்க, யாரோ உள்ள வரப் பார்க்கிறாங்களாம்.” மூன்றாம் மாடித் தையல்காரர் அதை அப்படியே வாங்கி, “மூணு பேராம்” என்று ஒரு பட்டன் தைத்துக் கீழே இறக்கினார். இரண்டாம் மாடி மாமி நடைமுறை தெரிந்தவர். “தெரிஞ்சவங்க மாதிரியே பேசுவாங்களாம், நம்பிடாதீங்க!” முதல் மாடியிலிருந்து அது முழு உருவத்தில் வாட்ச்மேன் தலையில் இறங்கியது. அவர் கேட்டைப் பூட்டினார், சாவியைச் சட்டைக்குள் போட்டார், பெஞ்சை இழுத்து முட்டுக்கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்துக் குடியிருப்புச் சங்கத் தலைவர் ஸ்கூட்டரில் வந்து ஹாரன் அடித்தார்.

“கேட்டைத் திறப்பா.”

“முடியாதுங்க.”

“என்னது? நான்தான்யா தலைவர்!”

“அப்படித்தான் சொல்வாங்கன்னு மேல இருந்து தகவல் வந்திருக்குங்க.”

“மேலன்னா யாரு? எனக்கு மேல யாருய்யா இருக்கா?”

வாட்ச்மேன் மரியாதையாக வானத்தைக் காட்டினார்.

படை இறங்கிவந்தபோது தலைவர் கம்பிக்கு வெளியே வியர்த்து நின்றார். ஐந்து மாடியும் பால்கனியில் நின்றது. மனைவி தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். படை யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. நேரே வாட்ச்மேனிடம் போய், “அண்ணே, தகவல் எவ்வளவு நேரத்துல வந்துச்சு?” என்று கேட்டார்.

“என்ன ஒரு அரை நிமிஷம் இருக்கும்.”

“மோட்டார் ஓடிட்டிருந்துச்சா?”

“ஓடிட்டுத்தான் இருந்துச்சு.”

படை கைகளைத் தேய்த்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடப் போர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஆணை மேலிருந்து கீழே போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்திருந்தார். அன்று மாலையே அறிவிப்புப் பலகையில் தலைவர் கையெழுத்தோடு ஒரு தாள் தொங்கியது: மொட்டை மாடியிலிருந்து யாரும் எந்த உத்தரவும் பிறப்பிக்கக் கூடாது.

திங்கட்கிழமை காலை, மைக் முன்னால் நின்று, அவர் கையைத் தூக்கினார்.

“வேண்டாம்” என்றார் மேடம்.

“ஒரு கேள்விக்கு அனுமதி இருக்கு மேடம். கேள்விகூட இல்ல, ஒரு யோசனை. அவன் கிசுகிசுக்கட்டும். அடுத்த ஒன்பது விநாடி வெறும் சுவர், இருட்டுப் படிக்கட்டு. உதடே இல்ல. அதுல ஆள் ஆளா நிக்கிறாங்கன்னு வைங்க. ஒருத்தன் அடுத்தவனுக்குச் சொல்றான், அவன் கீழ இருக்கறவனுக்குச் சொல்றான். எல்லாம் கூட்டக் குரல். கீழ கதவு நிக்குது. கணக்கு சரியாகுது.”

கூட்டாளிகளில் ‘இடி’ என்று பெயர் பெற்றவர் தலையை ஆட்டினார். முன்பு பள்ளிக்கூடத்தில் இருந்ததால் ‘டீச்சர்’ என்று அழைக்கப்படும் அம்மா, “நல்லாத்தான் இருக்கு” என்றார்.

மேடம் படிவத்தை எடுத்துக் காட்டினார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா இதைப் படிங்க. ஒரே வசனத்தைத் தனி ஆளும் கூட்டமும் பேசினா, அது மொத்தமும் கூட்டக் கணக்கு. பேர் வராது. தெரியுதா? மறுபடியும் ‘மற்றும் பலர்’தான். அதோட, மூலக்கதைக்கு முரணா இருந்தாத் திருப்பி அனுப்பிடுவாங்க. இந்த வசனத்தை உங்களுக்கு வாங்கித்தர அவங்களோட எவ்வளவு மல்லுக்கட்டினேன்னு தெரியுமா உங்களுக்கு?”

அவருக்குத் தெரியும். “பத்து நிமிஷம் கொடுங்க” என்று வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் செய்தார்.

மனைவி நூலகத்தில் இருந்தார். அதனால் கிசுகிசுத்தார். “சொல்லுங்க.”

“நீ பேசறது நல்லாக் கேட்குது.”

“போன்ல கேட்கும். கோட்டையில ஏது போன்? விஷயத்தைச் சொல்லுங்க.”

அவர் சொன்னார். மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம், பிறகு பக்கங்கள் புரளும் சத்தம். தொடரின் மூலக்கதை செங்கல் பருமனுள்ள நாவல். அதன் ஏழு தொகுதிகளும் அந்த நூலகத்தில் இருந்தன. கதவு, காவலன், காலணி என்று விரலால் தேடிக்கொண்டே போனவர் திடீரென்று மூச்சை இழுத்தார்.

“ஏங்க! இதுல எட்டுப் பேர் இருக்காங்க. படிக்கட்டுல. இருட்டுல ஒருத்தர் தோளை ஒருத்தர் தொட்டுச் சொல்லிட்டே போறாங்க. ஒன்றரைப் பக்கம் இருக்கு!”

எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. படம் எடுத்தவர்கள்தான் எட்டுப் பேரையும் வெட்டிவிட்டு, அந்த வேலையைப் புயலில் ஒரு கிசுகிசுப்பிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

“அப்போ முரண் இல்ல” என்றார் அவர். பிறகு, “ஆனா பேரு போயிடும்” என்றார்.

மனைவியிடம் யாரோ புத்தகம் நீட்டியிருக்க வேண்டும். முத்திரை குத்தும் சத்தம் கேட்டது.

“எனக்கு ஆசைதான். இல்லைன்னு சொன்னாப் பொய்” என்றார். “ஆனா பேர் வந்தா ஒரு நாள் பார்ப்போம். அந்தக் கதவு எப்படி நின்னுச்சுன்னு நீங்க சாகிற வரைக்கும் கேட்டுட்டே இருப்பீங்க. அதை நான்தானே கேட்கணும்? போய்ப் பேசுங்க.”

நாவலின் அந்தப் பக்கங்களின் படம் மேடம் போனுக்கு வந்தது. மேடம் படித்தார், கடிகாரத்தைப் பார்த்தார், வாளியை அவர் பக்கம் தள்ளினார்.

முதலில் இரண்டாம் காவலனின் கிசுகிசு. ஒரே டேக். பிறகு ஒன்பது விநாடி; அதில் புத்தகத்தின் எட்டுப் பேரும் அடங்காது, ஐந்து பேர்தான். படிக்கட்டு முழுவதையும் தானே இறங்குகிறேன் என்று அவர் கேட்டுக்கொண்டார். முதல் ஆள் கேள்வி கேட்காதவன். குனிந்து அப்படியே சொன்னான். இரண்டாமவன் குரலில் ஓய்வூதியம் தெரிந்தது. மூன்றாமவன் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு பேசினான். நான்காமவனுக்கு நம்பிக்கையே இல்லை: “நம்ம ஆளு மாதிரியே பேசுவாங்க, நம்பாதே!” ஐந்தாமவன் மூச்சு வாங்கினான். அப்புறம் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு கீழே கதவருகே நிற்கிற ஆள். தாளில் இல்லாத ஒரு வரியை அவன் சொன்னான்:

“ராஜாவே வந்தாலும் திறக்க மாட்டேன்.”

கண்ணாடிக்குப் பின்னால் இன்ஜினியர் மேசையைத் தட்டினார். மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “இது புத்தகத்துல இருக்கா?” என்று கேட்டார்.

“வாசல்ல இருக்கு மேடம்” என்றார் படை.

வெளியே ராஜாவின் கொடியோடுதானே எதிரி நிற்கிறான், பொருத்தமாகத்தான் இருந்தது. ஃபைல் மூன்று ஐம்பத்தைந்துக்குப் போனது. இரண்டு நாளில் ஒரு வரி பதில் வந்தது: ஏற்கப்பட்டது.

கடைசிப் பாகம் ஒரு சனிக்கிழமை மாலை ஒளிபரப்பானது. கட்டடத்திலேயே பெரிய டிவி தலைவர் வீட்டில்தான் இருந்தது. வாயில்லாப் பூச்சி ஒரு நெடுந்தொடரின் மொத்த ராணுவம் என்பது அந்த ஞாயிறு தலைவர் நடத்திய விசாரணையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால், ஐந்து மாடியும் அங்கே கூடியது. தலைவர் முகம் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நாற்காலிகள் போட்டிருந்தார்.

காவலன் கிசுகிசுத்தான். சுவர் வந்தது. படிக்கட்டில் இரண்டாவது குரல் இறங்கியதுமே வங்கி மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இது என்னை மாதிரி இல்ல?”

“மாதிரி என்ன, நீங்கதான். அந்த இருமல் உங்களுது” என்றார் இரண்டாம் மாடி மாமி. அடுத்த விநாடியே அவர் குரலும் வந்தது. “ஐயோ, நான் இப்படியா பேசுறேன்?”

“இதைவிட வேகமா” என்றார் தையல்காரர்.

பிறகு வாளிக்குள்ளிருந்து அந்த வரி. அறை அதிர்ந்தது. கதவோரம் நின்ற வாட்ச்மேன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “எல்லார் குரலும் வந்துச்சு. வெளியில நின்னு கத்தறானே அவன் குரல் மட்டும் என்னை மாதிரி இல்லையே?”

“அவர் பெரிய வேஷம் சார். தனி ஆர்ட்டிஸ்ட்” என்றார் படை.

தலைவருக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கலாம். அறிவிப்புப் பலகையிலிருந்த தாள் மறுநாள் காணோம்.

பட்டியல் ஓடியது. ஆறு பெயர்கள். ஏழாவது வரி வந்ததும் மனைவி ரிமோட்டைப் பிடுங்கி நிறுத்தினார். ‘மற்றும் பலர்’ திரையில் அசையாமல் நின்றது.

“இதுல நீங்க எத்தனை பேர்?”

படை விரல்விட்டு எண்ணினார். மேலே ஒருவன், படிக்கட்டில் ஐந்து, கதவருகே ஒருவன்.

“ஏழு.”

“அப்போ சரியாத்தானே போட்டிருக்காங்க” என்று சொல்லி, மனைவி அந்த வரியைப் பார்த்து வழக்கம்போலத் தலையாட்டினார். பிறகு நெற்றியைச் சுருக்கினார். “ஏங்க, அந்த எதிரிங்க, அவ்வளவு தூரம் நடந்து வந்தாங்களே. கொடி, கவசம் எல்லாம் மாத்தினவங்களுக்குக் காலணியை மாத்தணும்னு ஏன் தோணல?”

படை டம்ளரை எடுத்து ஒரு தட்டுத் தட்டினார். பிறகு பையிலிருந்து நான்காவது நோட்டை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.